மாடி வீட்டு மாமியின் மார்கழி

மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டில் இருந்த மாமிக்குப் பேசும்போதே விரல்கள் தாளம் போடும். மார்கழிக் கோலமும் கச்சேரியும் அவருக்கு உயிர். ஆனால் மாமா அந்த மாதம்தான் கொடைக்கானல் போவார். ஆசையை விழுங்கிக்கொண்டு மாமியும் வருடாவருடம் கூடப் போவார்.

ஒரு வருடம் மாமா, "இந்தத் தடவை நீ ஆசைதீரக் கச்சேரி கேளு" என்று சொல்லித் தனியாகக் கிளம்பினார். மாமிக்குத் தலைகால் புரியவில்லை. சபா சபாவாகச் சுற்றினார்.

ஒருநாள் விடிகாலைப் பனியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரிடம், "ஸ்வெட்டர் போட்டுக்கக் கூடாதா மாமி?" என்றேன்.

"பீரோல காணோம்டீ. அவர் எடுத்துண்டு போயிருக்கார்."

"மாமாவுக்கு அது பத்தாதே?"

மாமி நிமிரவில்லை. "அவருக்கில்லடீ. அங்க எவளோ போட்டுண்டிருக்கா."

மாமா திரும்பியதும் மாமி என்ன கேட்டாரோ, தெரியாது. அடுத்த மார்கழியில் இருவரும் சேர்ந்தே கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். ஆட்டோவில் ஏறிய மாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.