அப்பாவின் முறை

இன்று பித்தளை மெழுகுவர்த்தித் தண்டைப் புளி போட்டுத் தேய்த்தபோது எழுந்த வாடை, சாந்தோமில் நாங்கள் இருந்த ஓட்டு வீட்டுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது; அடியில் ஒரு கிணறு இருந்தது அதில் குடியிருப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

யுத்த காலம். சனிக்கிழமைகளில் அப்பா அந்தக் கிணற்றடியில் தான் ஊதும் டிரம்பெட்டைப் புளியால் துலக்கி முடிப்பதற்குள் கிளாரினெட், கிட்டார், டிரம் மாமாக்கள் மூவரும் வந்துவிட, மாலையில் ஹோட்டலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடுவதற்கான ஒரு பழைய ஜாஸ் மெட்டை, கடலிரைச்சலையும் மீறி, திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுவார்கள். சேர்ந்து தொடங்கி, பிறகு ஒவ்வொருவராக மனம்போல வாசித்து, கடைசி முறையை அப்பா முடித்ததும் மறுபடி எல்லோரும் சேர்ந்துகொள்ள வேண்டும். யாராவது வராவிட்டால் அவர் முறையை இன்னொருவர் எடுத்துக்கொள்வதில்லை. டிரம் மட்டும் தட்ட, அந்த இடம் காலியாகவே போகும்.

விஷக்காய்ச்சலில் அப்பா போன அன்று, மாமாக்கள் மூவரும் கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி நின்று அதே மெட்டை மிக மெதுவாக வாசித்தார்கள். அப்பாவின் முறை வந்ததும் நிறுத்தினார்கள். டிரம் மாமாவின் பூட்ஸ் கால் மட்டும் தரையில் தட்டியது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பங்குச்சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

“இருங்க சாமி,” என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா. “அவரு இன்னும் முடிக்கல.”

சாமியார் புத்தகத்தை மூடினார். மாமாவின் கால் தட்டிக்கொண்டே இருந்தது. யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.