இனிக்காத பலாச்சுளை

காடாம்புலியூரிலிருந்து பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போயிருந்தோம். நான் ஓரிடத்தில் நிலைக்கிற ஆளில்லை. அந்தப் பருவத்துக்குக் கிடைத்த வேலை அது. கூட வந்தவரை மாமா என்பேன், உறவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்.

மண்டி வாசலில் இறக்கும்போது அவர் கை நடுங்கியது. வெயில் ஏறவில்லை, ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு பழம் நழுவி வெடித்தது. ஒரு பழம் வீணானாலும் கத்துகிறவர், அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

"காலையில சாப்டீங்களா மாமா?"

"எங்க சாப்புட? நீதான் லோடு லோடுன்னு பறந்தியே."

வெடித்த பழத்திலிருந்து ஒரு சுளையை அவர் வாயில் வைத்தேன். மென்று துப்பினார்.

"சப்புனு கெடக்கு. இத எவன்டா வாங்குவான்?"

நானும் தின்றேன். நன்றாகத் தித்தித்தது.

அப்போதுதான் சிறுகுறிஞ்சான் நினைவுக்கு வந்தது. வேலியில் படரும் கொடி. இலையை மென்றால் கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரை வியாதிக்கு எங்கள் பக்கம் மெல்லுவார்கள். பிறகு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். மண்போல இருந்தால் உடம்பிலும் சர்க்கரை போய்விட்டது என்று நம்பிக்கை.

"எல தின்னீங்களா?"

"ஒரு கை. ஜாஸ்தியில்ல."

"மாத்திரை?"

"அதையுந்தான். ரெண்டும் சேந்தா சக்கர சீக்கிரம் வுட்டுடும்ல?"

டீக்கடையில் சர்க்கரையைக் கரைத்து வாங்கி வந்தேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

"மண்ணக் கரைச்சிக் குடுக்கறியா?"

"நாக்குக்குத் தெரியாது மாமா, ஒடம்புக்குத் தெரியும். முழுங்குங்க."

முழுங்கினார். ஆட்டோவில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன்; பதில் தாமதமாகும் போதெல்லாம் தொடையில் கிள்ளினேன். ஆஸ்பத்திரியில் முதலில் இலையைத்தான் சொன்னேன்.

"எலையும் மருந்துதான்," என்றார் டாக்டர். "மாத்திரையோட சேந்து சர்க்கரையை ரொம்ப எறக்கிடுச்சு. வெறும் வயிறு வேற. எங்களைக் கேக்காம இனிமே மெல்லாதீங்க." மறுபடியும் இறங்கலாம் என்று படுக்கவைத்து, கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மத்தியானம் நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டைக் கடித்த மாமாவின் முகம் மலர்ந்தது.

"இப்ப இனிக்குதுடா மாப்ள!"

நான் அவர் நாக்கை நம்பவில்லை. அவர் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைச் சின்ன மிஷினில் வைத்த நர்ஸ், நிமிர்ந்து சர்க்கரை அளவைச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.