வசந்தாமணியின் இடது கால்

வாசல் கூட்டிக்கொண்டிருந்த வசந்தாமணி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு இடது காலைக் கழுவினாள். பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் முதுகுப் பிடிப்போடு வந்து குப்புறப் படுத்திருந்தாள். அவள் முதுகை வசந்தாமணி அந்தக் காலால் லேசாக மிதித்துவிட்டாள். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவள் மிதித்தால் பிடிப்பும் சுளுக்கும் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. சிறுமியாக இருந்தபோதே அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கூட்டிப்போவார்கள். சங்ககிரிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் டிரில் டீச்சரான பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. அவள் அதை நம்புகிறாளா என்று யாரும் கேட்டதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஹெட்மாஸ்டரிடம் மன்றாடி ஓர் அனுமதி வாங்கியிருந்தாள். புதன்கிழமை டிரில் பீரியடில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வகுப்பறையில் பாடம். ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது, தசை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, அடிபட்டால் என்ன செய்யக் கூடாது. “பரீட்சையில வராததைப் போர்டுல எழுதி என்னத்துக்குங்க?” என்றவர், அரையாண்டு வரை பார்க்கலாம் என்று இழுத்தார்.

காளியாத்தாளை மிதித்த அன்று மதியம் ஹெட்மாஸ்டரே கூப்பிட்டனுப்பினார். அறை பெஞ்சில் ஒன்பதாம் வகுப்புப் பெரியநாயகி. முந்தின நாள் ஓடிப் பழகும்போது மடங்கிய கணுக்கால் வீங்கியிருந்தது. மறுநாள் சேலத்தில் ஓட்டப்பந்தயம். பக்கத்தில் அவள் அப்பா, லாரிக்காரர் சென்னியப்பன். பெற்றோர் சங்கத் தலைவர்.

“அம்மிணி, ஒரு மிதி மிதிச்சு உடுங்க. நாளைக்கு எம்புள்ள ஓடிப்போடுவா.”

“வீங்கியிருக்குதுங்கண்ணா. ஈரத்துணி கட்டிப் படுக்கட்டும். ஓடக் கூடாதுங்க.”

“காலைல காளியாத்தாளுக்கு மிதிச்சீங்களாமா. எம்புள்ள காலு மட்டும் என்னங்க பண்ணுச்சு?”

ஹெட்மாஸ்டர் குறுக்கிட்டார். “பேருக்குத் தொட்டு உடுங்க டீச்சர். புள்ளைக்குத் தைரியம் வரும். ஓடச் சொல்லித்தர்றவங்களே ஓடாதேன்னு சொல்றதுக்கு ஒரு பாடமா? கணக்கு வாத்தியார் போர்ஷன் முடியலேன்னு உங்க புதங்கெழமைப் பீரியடைக் கேட்டுட்டே இருக்கறார்.”

வசந்தாமணி செருப்பைக் கழற்றினாள். கால் எழுந்தது. பெரியநாயகி பல்லைக் கடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டே கேட்டாள்:

“வீங்குன எடத்தை அழுத்தக் கூடாதுன்னு எழுதிப் போட்டீங்களே டீச்சர். அது பொய்யிங்களா, இது பொய்யிங்களா?”

“அப்பன் முன்னாடி வாயைப் பாரு!” என்றார் சென்னியப்பன்.

காலைத் தரையில் ஊன்றினாள் வசந்தாமணி. “காளியாத்தாக்கா ஊட்டுக்குப் போயிப் படுத்துக்குவாங்க. படுத்தாலே சரியாப் போயிரும். நான் மிதிச்சா இவ இந்தக் காலோட ஓடுவாளுங்க.”

“அப்ப உங்க காலுல ஒண்ணுமே இல்லீங்களா?” என்றார் சென்னியப்பன்.

“இல்லீங்க.”

“இத்தனை வருஷமா ஊரையே ஏய்ச்சிருக்கறீங்க!”

வசந்தாமணி மூலையிலிருந்த பானைத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, கீழே உட்கார்ந்து கணுக்காலைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டு அங்கிருந்தே நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், புதங்கெழமை ஒம்பதாவதுக்கு நான் சாக்பீஸ் எடுத்துட்டுப் போலாமுங்களா?”

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார். “வாங்க, ஒரு காப்பி குடிக்கலாம்” என்று அவர் தோளில் கைபோட்டபடி அறையைவிட்டு வெளியே போனார்.