சூசை அண்ணன் வைத்த ரெசிஸ்டரும் நான் எழுதிய நாலு வரியும்

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, டி.ஆர். பட்டினத்திலிருந்து சூசை அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பேப்பர் கட்டிங் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மேலே என் போட்டோ. கீழே என் பத்தி. நாலு வரிக்குச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு வேறு!

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உள்ளே பார்த்துக் காபி போடச் சொன்னேன்.

"நீங்க எழுதினபடியே செஞ்சேன் தம்பி. மூணு வாரமா சப்வூஃபர் செத்துக் கிடக்கு" என்றார்.

அடிக்கோடு போட்டிருந்த வரிகளை வாசித்தேன். 'ஆடியோவில் முதல் விதி இம்பீடன்ஸ் மேட்சிங். கொடுக்கிற பெட்டியும் வாங்குகிற பெட்டியும் ஓம்ஸ் என்கிற மின்தடைக் கணக்கில் சரிக்குச் சரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் வழியிலேயே வீணாகும்.' நீங்கள் மறந்திருப்பீர்கள். நானே மறந்துவிட்டேன். ஏதோ ஒரு வாரம் எழுத விஷயம் கிடைக்காமல் எழுதியது.

எனக்கு அதைச் சொன்னவர் ஒரு மைக் செட்காரர். கல்யாண மண்டபத்து வாசலில் ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கரையும் இணைத்துக்கொண்டே சொன்னார். அவர் பெட்டிக்கு அவர் சொன்னது சரிதான். அதை எடுத்து உலகத்தில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் சேர்த்துச் சட்டம் போட்டது நான். பத்தி எழுதுகிறவனின் பிழைப்பே அதுதானே?

சூசை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், தகடு அடிக்கிற பெரிய மெஷின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர். பென்ஷனோடு ஊர் திரும்பினார், ஆனால் பாதிக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்று அவர் மனைவி பிலோமினா அண்ணி சொல்வார். வயலின், குருவிச் சத்தம், குக்கர் விசில் - எதுவும் அவருக்குக் கேட்காது. காதில் மாட்டுகிற மெஷின் பேச்சுக்கு உதவும். பாட்டுக்கு மாட்டினால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

மிச்சம் இருப்பது கனமான அடிச்சத்தம் மட்டும். அதற்காகத்தான் பவர்டு சப்வூஃபர் வாங்கினார். தனக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிற, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி. ரெக்கார்டின் சத்தத்தை முதலில் வாங்கி மற்றப் பெட்டிகளுக்கு அனுப்புகிற, பிரான்ஸிலிருந்து வந்த வால்வு ப்ரீஆம்ப்பில் அதைச் சொருகி, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சர்ச் ஆர்கன் ரெக்கார்டு போடுவார். அடிநாதம் தரை வழியாக வந்து கால் வழியே மேலே ஏறுமாம். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் மனிதர் இசை கேட்கிறார்.

அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கவனியுங்கள்... நன்றாக!

போன மாதம் பழைய கட்டிங்குகளை அடுக்கும்போது என் பத்தி கண்ணில் பட்டிருக்கிறது. உடனே பெட்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்தார். ப்ரீஆம்ப் ஐந்து கிலோ ஓம். சப்வூஃபர் ஐம்பது. சரிக்குச் சரி இல்லையே! தொழிற்சாலைக் கை. சால்டரிங் அயர்னை எடுத்தார், சப்வூஃபர் வயருக்குக் குறுக்கே ஐந்து கிலோ ஓமில் ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தார். இப்போது அங்கேயும் ஐந்து, இங்கேயும் ஏறக்குறைய ஐந்து. என் சட்டம் அமலாகிவிட்டது. ஆர்கன் போய்விட்டது.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அண்ணே, நான் எழுதினது தப்பு." நாலே வார்த்தை.

நான் சொன்னது, "வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்."

போனேன். கேபிளை மாற்றச் சொன்னேன். மாற்றினார். பெட்டியை மூலைக்குத் தள்ளச் சொன்னேன். இந்த வயதில், மூச்சு வாங்க, என்னோடு சேர்ந்து தள்ளினார். கடைசியில் கடலைக் கை காட்டினேன். உப்புக் காற்றில் கேபிள் முனையில் இருக்கிற பின் எல்லாம் பச்சை பூத்திருக்கும் என்றேன். நம் ஊரில் எது கெட்டாலும் உப்புக் காற்று பழியை வாங்கிக்கொள்ளும், பதிலும் பேசாது. அவர் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பின்னாகத் துடைத்தார். நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ரெக்கார்டைத் திரும்பப் போட்டார். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். வால்யூமை ஏற்றினார். ஒன்றும் ஏறவில்லை. மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பெட்டியில கோளாறு இல்ல தம்பி. மிச்சம் இருந்த காதும் போயிடுச்சு போலருக்கு. இதையெல்லாம் வித்துடறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் நாலு வரியை நம்புவதற்காக மனிதர் தன் காதையே சந்தேகப்படுகிறார். வெட்கமாக இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுப்படியிலிருந்து பிலோமினா அண்ணி வந்தார். ப்ரீஆம்ப்போடு கூட வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் விழித்தோம். அந்த வீட்டில் பிரெஞ்சில் எந்தக் காகிதம் வந்தாலும் அண்ணி கைக்குத்தான் போகும். பென்ஷன் ஆபீஸ் கடிதம், அண்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் அனுப்புகிற சான்றிதழ் - எல்லாம் அண்ணி படிப்பார், காட்டுகிற இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போடுவார். ப்ரீஆம்ப் புத்தகத்தை மட்டும் அவரிடம் யாரும் கொடுக்கவில்லை. ஆடியோ ஆம்பிளை சமாச்சாரம் ஆயிற்றே!

பீரோவில் பென்ஷன் ஃபைலுக்கு அடியில் இருந்தது. கண்ணாடியைப் போட்டு, விரலால் வரியைத் தடவி, தமிழில் சொன்னார்.

"இதோட சேர்க்கிற பெட்டிக்கு இதைப்போல பத்து மடங்காவது ஓம்ஸ் இருக்கணுமாம். குறைஞ்சா முதல்ல அடிச்சத்தம்தான் போகுமாம். அஞ்சுக்குப் பத்து மடங்கு அம்பது. அம்பதுதானேங்க இருந்துச்சு? யாரு கெடுத்தது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். மேஜை மேல் என் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். ப்ரீஆம்ப் பலசாலி இல்லை. வாங்குகிற பெட்டி ஓம்ஸைக் கூடுதலாக வைத்துக்கொண்டு லேசாகத் தொட்டு எடுத்தால் முழுசாகக் கொடுக்கும். சரிக்குச் சரி நின்று இழுத்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும், அடிச்சத்தம் முக்கால்வாசியும் போய்விடும். இரண்டு பேரும் சமபலத்தில் இழுக்கிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ரெசிஸ்டரைக் கத்தரித்து எடுத்தோம். அண்ணன் மறுபடி காது மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரெக்கார்டு சுற்றியது. கண்ணாடி அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல அதிர்ந்தன. அவர் செருப்பை உதறிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் பதித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"காது போகல" என்றார், யாரையும் பார்க்காமல்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அண்ணே, நான் எழுதினது தப்பு."

காது மெஷின் மேஜையில் கிடந்தது. அவருக்குக் கேட்கவில்லை. அண்ணிக்குக் கேட்டது.

"அதை எழுதிடுங்க தம்பி. இவரு பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாரு."

எழுதிவிட்டேன் சூசை அண்ணே. சிவப்புப் பேனாவை எடுங்கள்... ஆனால் எதையும் பற்றவைக்கும் முன் அண்ணியிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.