றொபேட்டின் நாற்பத்தைந்து பாகை

உப்புவெளியில் ஒருவர் மின்விசிறி வாங்குவதானாலும் தண்ணீர் மோட்டார் வாங்குவதானாலும் முதலில் றொபேட்டின் வீட்டுக்குத்தான் போவார். கடைக்குப் போவது அதற்குப் பிறகு. சிலர் கடைக்குப் போகாமலே விட்டதும் உண்டு. றொபேட் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சாமானிலேயே வெறுப்பு வந்துவிடும்.

துறைமுகத்துக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். உளி, மரம் அறுக்கும் வாள், சுத்தியல் என்று எத்தனையோ ஆயுதங்கள் அவர் கையால் வெளியே போய், அவர் கைக்கே திரும்பி வந்தன. இடையில் அவற்றை வைத்து என்ன செய்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அது ஒரு குறையென்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

தவக்காலம் நெருங்கும் நேரம், கோயிலில் பதினாலு சிலுவைப்பாதைப் படங்களின் சட்டங்களைக் கறையான் தின்றுவிட்டது தெரியவந்தது. பங்குச் சுவாமி றொபேட்டிடம் யோசனை கேட்டார். சட்டத்தின் மூலைகளை நாற்பத்தைந்து பாகைச் சரிவில் அறுக்க ‘மைட்டர் பொக்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது, வாளை நேரே ஓடவிடுவதற்கு இரண்டு பக்கச் சுவரிலும் வெட்டுப் போட்ட சின்னத் தொட்டிதான், அது இருந்தால் யாரும் செய்யலாம் என்று றொபேட் நெடுநேரம் விளங்கப்படுத்தினார்.

“யாரும் செய்யலாமெண்டால் நீங்களே செய்யுங்கோவன்,” என்றார் சுவாமி. “மலிவா ஒண்டு பாத்து வாங்குங்கோ.”

றொபேட் தன் வாழ்நாளில் ஒரு பலகையும் அறுத்ததில்லை.

அதற்குப் பிறகு கைபேசியும் அவருமாக இருந்தார். அதில் ஜெர்மன்காரர் ஒருவர் மரம் அறுத்தார், யப்பான்காரர் ஒருவர் மரம் அறுத்தார். றொபேட் கதிரையில் சாய்ந்தபடி இருவரிலும் பிழை கண்டார்.

“இன்னும் வாங்கேல்லையோ?” என்று மனைவி மக்டலின் கேட்டார்.

“மலிவான சாமானுக்குத்தான் கூட யோசிக்க வேணும்.”

யோசித்து முடித்து, பட்டணத்தில் ரபீக்காவின் ஹாட்வெயார் கடைக்குப் போனார். அங்கே இரண்டு வகை இருந்தன. ஒன்று மரத்தொட்டி. அதில் மூன்றே வெட்டுகள், வாளுக்கு மட்டுமட்டான இடைவெளி. கூட வந்த வாளும் பொடிப்பல் வைத்த அழகில்லாத வாள். மற்றது மஞ்சள் பிளாஸ்ரிக். அதன் சுவரெல்லாம் வெட்டுகள். வாளின் பற்கள் பெரியவை, பிடி செம்மஞ்சள் நிறம்.

“இந்த வெட்டு என்னத்துக்கு அங்கிள்?” என்று மஞ்சள் சுவரில் ஒரு வெட்டைக் காட்டி ரபீக்கா கேட்டார்.

“எட்டு மூலைச் சட்டம் செய்யிறதுக்கு.”

“எட்டு மூலைச் சட்டமா செய்யப் போறீங்க?”

“இல்லை. ஆனா வசதி இருக்க வேணும் பாருங்கோ.”

மஞ்சள் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

முதலாவது படம், இயேசு பிலாத்துவின் முன்னால் நிற்பது. றொபேட் சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து, மரத்தை உள்ளே கிடத்தி, வாளை வெட்டுக்குள் விட்டார். வெட்டின் அகலம் வாளைப் போல இரண்டு மடங்கு. வாள் அதற்குள் போக்கிரித்தனமாக ஆடியது. பெட்டியோ மேசையில் ஊர்ந்து திரிந்தது. நான்கு துண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஒவ்வொரு மூலையிலும் ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

றொபேட் மரத்தைப் பிழை சொன்னார். பிறகு கடற்காற்றைச் சொன்னார். பிறகு இடைவெளியைச் சரிசெய்ய ஒரு துண்டின் நுனியைக் கொஞ்சம் அறுத்தார். அது குட்டையானதால் எதிர்த் துண்டையும் அறுத்தார். இப்போது மற்ற இரண்டும் நீளமாகத் தெரிந்தன. இப்படியே மாற்றி மாற்றி அறுத்து, கடைசியில் மூலைகள் ஓரளவு கூடின.

பார்க்க வந்த சுவாமி சட்டத்தைத் தூக்கிப் படத்தின் மேல் வைத்தார்.

“றொபேட், சட்டம் படத்தை விடச் சின்னனா இருக்கே.”

“ஓம் சுவாமி. படத்தில கரையைக் கொஞ்சம் வெட்டினா…”

“கரையில பிலாத்து இருக்கிறார். அவரை வெட்டினா ஆர் தீர்ப்புச் சொல்லுறது?”

சுவாமி போனபிறகு றொபேட் எதையும் பிழை சொல்லவில்லை. பிழை சொல்லாத றொபேட்டை மக்டலினுக்குப் பழக்கமில்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவர் வந்து, மேசையில் ஏறிப் பெட்டியின் ஒரு கரையில் அமர்ந்துகொண்டார். “இப்ப அறுங்கோ. அங்க இஞ்ச ஓடாது.”

ஓடவில்லை. ஆனால் மனைவியை மேசையில் ஏற்றி வைத்துப் பதினாலு சட்டம் அறுக்க ஏலாது என்பதால், அடுத்த நாள் றொபேட் பெட்டியைப் பலகையொன்றில் திருகாணி போட்டு இறுக்கினார். வாளை மட்டும் கொண்டுபோய் ரபீக்காவிடம் பொடிப்பல் வாளாக மாற்றி வந்தார். விரலில் இரண்டு காயம் பட்டது. தவக்காலத்து முதல் வெள்ளிக்குப் பதினாலு சட்டமும் சுவரில் ஏறின. மூலைகளில் மிஞ்சிய இடைவெளிகளுக்குள் மரத்தூளும் பசையும் இருந்தன. எல்லோரும் படத்தைப் பார்த்து முழங்காலிட, றொபேட் மட்டும் மூலைகளைப் பார்த்து முழங்காலிட்டார். எட்டாம் நிலைப் படத்தின் முன்னால் அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அந்த மூலை அவ்வளவு மோசம்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து, பக்கத்து வளவு யோகலிங்கம் வந்தார். சாமிப் படங்களுக்குச் சட்டம் போட வேணுமாம்.

“அண்ணை, எந்தப் பெட்டி நல்லம்?”

“வெட்டு வாளுக்கு மட்டா இருக்க வேணும். பல்லுப் பொடியா இருக்க வேணும். பலகையில இறுக்கிப்போட்டு அறுங்கோ,” என்றார் றொபேட்.

யோகலிங்கம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

“உங்களுக்குச் சுகமில்லையோ அண்ணை?”

யோகலிங்கத்தின் முகம் விழுந்துபோனதை றொபேட் பார்த்தார். நல்ல யோசனையோடு மட்டும் ஒரு மனிதரை இப்படி வெறுங்கையாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

“ஜெர்மன்காரர் எப்பிடிச் செய்யிறாங்களெண்டால்,” என்று தொடங்கினார்.

யோகலிங்கம் நிம்மதியோடு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.