காலுக்குச் சொந்தக்காரி

அந்த டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரிடம் வேண்டுமானாலும் அவளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேச்சு வரும். பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘பிரேக் அக்கா’ என்பார்கள். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் வலது காலையும் சாலைமேல் கண்ணையும் வைத்துக்கொண்டு, வாயை மட்டும் சும்மா வைத்துக்கொள்ளாமல் வருஷக்கணக்காக அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவள் அவள். மூக்குக்கு மேல் கோபம். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவளிடம் திட்டு வாங்கியவர்கள் நன்றாகவே ஓட்டினார்கள்.

அந்த வலது காலில்தான், முட்டிக்கு மேலே தொடையின் உள்பக்கம், கட்டி வந்தது. யாரோ ஒரு புது ஆள் வண்டியைக் குலுக்கியபோது எங்கோ இடித்துக்கொண்டோம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தாள். கட்டி தைலத்துக்கெல்லாம் அசரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கேன்சர் என்று வந்தது.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வண்டி ஓட்டியவர் ஒரு தையல்கடைக்காரர், ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சுகூட விடாதவர். சிக்னலில் நிற்கும்போது அவரிடம் சொன்னாள்.

“எனக்கு கேன்சர் வந்திருக்கு. அடுத்த மாசம் நான் இல்லைன்னா வேற ஆள் வந்து சொல்லித் தருவார். பச்சை விழுந்துடுச்சு, கிளட்ச்சை மெதுவா விடுங்க.”

அவர் எங்கே மெதுவாக விட்டார்? வண்டி ஒரு குதி குதித்து அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

“லீவுல இருப்பேன்னு சொன்னேன் சார். அதுக்குள்ள என்னை எங்க அனுப்பிட்டீங்க? ஸ்டார்ட் பண்ணுங்க.”

இப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள். ‘அது எப்படி இருக்கு?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களிடம், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம் என்றாள். சொந்தக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வியாதியை மூடி மறைத்தால் மரியாதை, வெளியே சொன்னால் திமிர் என்று நினைக்கிறவர்கள் எங்கேயும் இருக்கிறார்கள் அல்லவா?

சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வகைக் கட்டிக்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த ஏற்பாட்டையெல்லாம் அவளுடைய தம்பி கையில் எடுத்துக்கொண்டான். மருந்துக் கடை வைத்திருப்பவன். மாத்திரைப் பெயர்களோடு பழகிப் பழகிப் பேச்சே அப்படி ஆகிவிட்டதால் வீட்டில் அவனுக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர். ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் தன் போன் நம்பர்தான். ஸ்கேன் படம் இருந்த பெரிய உறையை அவளைத் தொடக்கூட விடவில்லை. “நீ ரெஸ்ட் எடு அக்கா, நான் பாத்துக்கறேன்” என்பான். அக்காமேல் உயிரை வைத்திருந்தான் என்பதில் சந்தேகமே இல்லை. அதுதான் தொல்லை.

குட்டு வெளிப்பட்டது அவள் வீட்டுக்காரரால். அவர் பிளம்பர், அதிர்ந்து பேசாத மனுஷன், பொய் சொல்லத் துப்பில்லாதவர். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் டிரில் மெஷினை எடுத்துக் குளியலறைச் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி பொருத்தினார். மறுநாள் கழிப்பறையில் ஒன்று. அதற்கடுத்த நாள் மாடி அறையில் இருந்த கட்டிலைக் கழற்றி இறக்கி, கீழே ஸ்டோர் ரூமாக இருந்த அறையில் போட்டார்.

“எதுக்குங்க இது?” என்றாள்.

“இங்க காத்து நல்லா வருது.”

அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. என் காலுக்கு என்ன?”

மென்று விழுங்கினார். அவள் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஸ்கேன் எடுத்த அன்றைக்குச் சின்ன ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அவளை உள்ளே அனுப்பிவிட்டு, டாக்டர் ஆண்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி நிற்கிறது, காலையே எடுக்க வேண்டி வரலாம், ஸ்பெஷலிஸ்ட்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். அவளிடம் மூச்சு விடக் கூடாது, தாங்க மாட்டாள் என்று தம்பி வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டானாம்.

அவள் நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு, புதுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நன்றாக, சத்தமாக, ஆத்திரம் தீர அழுதாள். காலுக்காகக் கொஞ்சம் அழுதாள், அதைவிட அதிகமாக அவமானத்துக்காக அழுதாள். வெளியே வந்தபோது வீட்டுக்காரர் அதே இடத்தில் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தார்.

“கெட்டியாத்தான் போட்டிருக்கீங்க. ஆடவே இல்ல” என்றாள்.

தம்பியிடம் மட்டும் அப்படிப் போகவில்லை. அவன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

“என் கால் போகப்போகுதுன்னு உனக்குத் தெரியும், உங்க மாமாவுக்குத் தெரியும், இந்தச் சுவத்துக்குக்கூடத் தெரியும். அந்தக் கால வெச்சு நடக்கறவளுக்குத் தெரியாது. எப்படிடா இருக்கு இது?”

“உன் நல்லதுக்குத்தான் அக்கா. நீ வெளியதான் வாய் பேசுவ. உள்ள உடைஞ்சுடுவ.”

“உடைஞ்சா உடையறேன். என் உடம்புதானே?”

“அங்க நானும் மாமாவும் முதல்ல உள்ள போறோம். எது உனக்குத் தெரியணுமோ அத நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன். அங்க இருக்கற நர்ஸ்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன்.”

அவள் கோபம் அப்போதுதான் உச்சிக்கு ஏறியது. கத்துவாள் என்று எதிர்பார்த்தால், குரல் இறங்கிவிட்டது.

“அம்மாவுக்கு இதே வியாதி வந்தப்ப அம்மாகிட்ட கடைசி வரைக்கும் யாரும் சொல்லல. ஞாபகம் இருக்கா? படுத்த இடத்துல இருந்து நம்ம ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துட்டே இருந்தா. எவனாவது வாயத் திறப்பானான்னு பாத்தா. நான் அப்படிப் படுக்க மாட்டேன்டா.”

அவன் உறையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உறையை விட்டுவிட்டாவது போயிருக்கலாம்.

அதன்பிறகு அவள் தயாராக ஆரம்பித்தாள். தயாராவது என்றால் என்ன? டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் கற்றுக்கொள்கிறவர்களை அதே ரோட்டில் திரும்பத் திரும்ப ஓட்ட வைப்பாள், அதேதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.

“நீங்கதான் டாக்டர். சொல்லுங்க.”

“என்னம்மா சொல்றது?”

“கால எடுக்கணும்னு சொல்லுங்க. நான் கேட்டுப் பழகணும்.”

“நல்லாருக்கீங்களா?” என்றார் அவர்.

“நல்லா இருந்தா ஏன் சார் இங்க வர்றேன்? விஷயத்துக்கு வாங்க.”

அவருக்கு வரவில்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தேன் என்பார், பயப்பட ஒன்றுமில்லை என்பார், தண்ணீர் குடிப்பார். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தார். பல நாள் கழித்து ஒருவழியாக, “உங்க கால எடுக்கணும்” என்று சொல்லிவிட்டார். சொன்னதும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் எழுந்து போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நோயாளி டாக்டரைத் தேற்றிய கதை அந்த ஒரு வீட்டில்தான் நடந்திருக்கும். ஆனால் மறுநாளும் விடாமல் உட்கார வைத்தாள். அந்த வாக்கியத்தைக் கேட்டு வயிறு கலங்குவது நிற்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். கலங்குவது கடைசிவரை நிற்கவில்லை. சரி, கலங்கினாலும் உட்கார்ந்திருக்க முடிகிறது என்று தெரிந்துகொண்டாள்.

அந்த நாள் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தாவில், ஒன்றோடொன்று கோத்த இரும்பு நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கூப்பிட்டதும் தம்பி உறையோடு எழுந்தான். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, “பேஷன்ட் கொஞ்சம் வெளிய இருங்கம்மா, முதல்ல கூட வந்தவங்க வரட்டும்” என்றாள்.

“வியாதி எனக்கும்மா. அவங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய், டாக்டருக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்பெஷலிஸ்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நரைத்த தலை, களைத்த முகம். தம்பி அவருக்குக் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினான். அதை அவள் பார்த்துவிட்டாள்.

“டாக்டர், இது என் கால். இதப் பத்தி என்ன பேசறதா இருந்தாலும் எங்கிட்ட பேசுங்க. மறைச்சுப் பேசறதா இருந்தா நான் வேற டாக்டரப் பாத்துக்கறேன்.”

தம்பி வாயைத் திறந்தான். அதுவரை கதவோரம் நின்ற வீட்டுக்காரர், ஒருநாளும் யாரையும் அதட்டாதவர், அவன் கையிலிருந்து உறையை வாங்கி அவள் மடியில் வைத்தார். பிறகு அவன் தோளில் கை போட்டு, “வா மாப்ள, வெளிய இருப்போம்” என்று கூட்டிக்கொண்டு போனார்.

கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் படங்களை விளக்குப் பலகையில் மாட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார். கட்டி ரத்தக்குழாயையும் நரம்பையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேறெங்கும் இன்னும் பரவவில்லை. காலை எடுத்தால் அவள் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் கால் இருக்கும், அவள் எத்தனை நாள் இருப்பாள் என்று அவரால் சொல்ல முடியாது. வீட்டில் கலந்து பேசிவிட்டு வரலாம் என்றார்.

வயிறு கலங்கத்தான் செய்தது. அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் செருப்புக்குள் ஒரே மாதிரி இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பிறகு இரண்டு கேள்வி கேட்டாள், மறுபடியும் வண்டியில் உட்கார முடியுமா என்று ஒன்று, எவ்வளவு சீக்கிரம் செய்வீர்கள் என்று ஒன்று. இரண்டுக்கும் பதில் கேட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

“கால எடுக்கணுமாம். எடுங்கன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை அட்மிஷன்.”

தம்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். விரலிடுக்கு வழியாகக் கண்ணீர் ஒழுகியது. “எங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா அக்கா?” என்றான்.

“கேக்கலாம்னுதான் நினைச்சேன். நீ தாங்க மாட்டியேன்னு விட்டுட்டேன்.”

அவன் தலை நிமிரவே இல்லை. அவளுக்கும் அதற்குமேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. உறையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பயமா இருக்குடா. ரொம்பப் பயமா இருக்கு” என்றாள். “முடிவெடுக்கத்தான் நான் தனியா போனேன். திங்கக்கிழமை தனியா போக மாட்டேன்.”