ஹாரனுக்கு எழுந்து ஓடியவள்

ஒரு வருஷத்துக்கு முன்பு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில் நடந்தது இது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எங்கள் சந்து முனையில்தான் வரிசை கட்டி நிற்கும்.

நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் பில் போடுகிறேன். படித்ததென்னவோ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ். அதில் வேலை கிடைக்கவில்லை, ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. லீவு நாளில் ரிச்சி தெருவுக்குப் போய் சென்சார், டிரான்சிஸ்டர் என்று பொறுக்கி வந்து, சமையல் மேடையில் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி உட்கார்ந்துவிடுவேன். டிரெய்லர் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், "சோறு வெந்துச்சா இல்லியான்னு சொல்றதுக்கு ஒரு சர்க்யூட் போடு மொதல்ல" என்பார். அவர் சொன்னதற்காகவே அன்றைக்கு இன்னும் கொஞ்சம் லேட்டாகத்தான் சோறு வைப்பேன்.

பக்கத்துப் போர்ஷனில் ஒரு இளம் ஜோடி. அவன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவன். போனால் கரை திரும்ப நாளாகும். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. மோட்டார் மெஷின் போட்டு, வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பாள். எங்கள் இருவருக்கும் பேச்செல்லாம் கைஜாடையிலும் வாட்ஸ்அப்பிலும்தான். ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று, பெண்.

ஒரு நாள் தண்ணி லாரி வந்தது. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் குடத்தோடு போனாள். லாரியில் கூட்டம், வர நேரமாகிவிட்டது. குழந்தை எழுந்து அழுது, தொண்டை கட்டி, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தபோதுதான் காத்திவாக்கத்திலிருந்து மாமியார் வந்து சேர்ந்தார். இறால் வியாபாரம் செய்கிற அம்மாள், நாலு தெருவுக்குக் கேட்கிற குரல்.

"இவ மேல எனக்கு இன்னா கோவம்? புள்ள செத்துப் பொழச்சிக்கினு கீது, இவளுக்கு எப்புடித் தெரியும்? எம்புள்ள கடல்லேர்ந்து வரட்டும். பாப்பாவ நான் இட்டுகினு போயி வளக்குறேன்" என்றார்.

மருமகளையும் கூட்டிப் போகலாமே என்று கேட்டேன். காத்திவாக்கம் வீட்டில் ஒற்றை அறையில் ஏற்கெனவே இரண்டு குடும்பம் என்றார். தையல் மெஷினை எங்கே போடுவது? அந்த அம்மாள் சொன்னதில் அநியாயமும் இல்லை.

உதட்டசைவிலேயே அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள். "அக்கா, நீங்க மிஷின் செய்வீங்க இல்ல, பாப்பா அழுதா எனக்கு தெரியற மாதிரி செய்ங்க." படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே, ஏன் மறைக்க வேண்டும், கொஞ்சம் கர்வமும் வந்தது. இந்தச் சந்தில் இதைச் செய்ய என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சத்தம் கேட்டால் விளக்கு எரிகிற சர்க்யூட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சின்ன மைக், கொஞ்சம் சாமான், தையல் மெஷினுக்கு மேலே ஒன்றும் அடுப்பங்கரையில் ஒன்றுமாக இரண்டு விளக்கு. என் வீட்டில் கை தட்டிப் பார்த்தேன், எரிந்தது. போனில் குழந்தை அழுகிற வீடியோ போட்டேன், எரிந்தது. சின்னச் சிணுங்கலுக்கும் எரியட்டும் என்று திருகாணியைத் திருகி, மைக்கை நன்றாகக் கூர்மையாக்கிக் கொண்டுபோய் மாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தால், மைக் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருக்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உழைப்பை மதிக்கத் தெரியாதவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, "ஏன்" என்று கை விரித்துக் கேட்டேன். அவள் கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. போனை எடுத்து ஒரு வீடியோவை எனக்கு அனுப்பினாள். அதில் குழந்தை அசந்து தூங்குகிறது. விளக்கு எரிகிறது. அணைகிறது. திரும்ப எரிகிறது. அதற்குக் கீழே எழுதியிருந்தாள். "பாப்பா தூங்குது, லைட் எரியுது. நான் ஓடி ஓடி பாக்கறேன். ஏன்னு தெரியல அக்கா."

எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் கேட்டது. பாம்ம்ம் என்று ஒரு டிரெய்லர் ஹாரன், விளக்கு எரிந்தது. பின்னால் இன்னொன்று, எரிந்தது. அந்த ஹாரனில் ஒன்று என் வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாலையோரம் குடியிருக்கிறேன். ஹாரன் சத்தம் என் காதில் விழுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். காது கேட்கிற எங்களில் ஒருவருக்கும் கேட்காத ஹாரனுக்கு, காது கேட்காத அவள் ராப்பகலாக எழுந்து ஓடியிருக்கிறாள். அதைச் செய்து வைத்தவள் நான். சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தது, அப்புறம் வெட்கம் மட்டும் மிஞ்சியது.

மைக்கின் கூர்மையைக் குறைத்தேன். ஹாரனோடு சேர்ந்து அழுகையும் போய்விட்டது. துணி சுற்றிப் பார்த்தேன், அதுவும் ஆகவில்லை. படகு இன்றோ நாளையோ வந்துவிடும் என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். வலது கால் மெஷின் பெடலில். இடது கால் கட்டைவிரலில் ஒரு கயிறு, அதன் மறுமுனை தூளியில். ஆட்டி விடுவதற்காகத் தாய்மார்கள் கட்டிக்கொள்கிற கயிறுதான், நானும் கட்டியிருக்கிறேன். அதனால் அதை ஒரு பொருட்டாகப் பார்த்ததே இல்லை.

திடீரென்று தையலை நிறுத்தித் திரும்பினாள். தூளிக்குள் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. இன்னும் அழவில்லை. கயிறு வெட்டி இழுத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஓடிப் போய் அவள் காலைத் தொட்டு, கயிற்றைக் காட்டி, "இதான், இதான்" என்று கத்தினேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவளுக்கு எந்த மிஷினும் வேண்டாம். எழுந்து நடந்தால் கயிறு அவளோடு கூட வராது. அதுதான் பிரச்சினையே.

பேட்டரியில் ஓடுகிற ரிமோட் காலிங் பெல் ஒன்றை வாங்கிப் பிரித்தேன். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்குக்கு நடுவில் ஒரு கம்பி. வெட்டி இழுத்தால் இரண்டும் தொடும், மெதுவாக ஆடினால் தொடாது. அதை ரிமோட்டோடு சேர்த்துத் தூளிக் கட்டையில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இறுக்கிக் கட்டினேன். அந்தப் பக்கம் பெல்லின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பழைய செல்போனில் அதிர்கிற குட்டி மோட்டாரை வைத்தேன். எப்படிக் கையில் கட்டுவது என்று நான் யோசிப்பதற்குள், நைட்டித் துணியில் ஒட்டுப் பட்டை வைத்து அழகாக ஒரு உறை தைத்துவிட்டாள். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது என்பதையும் அவளே கட்டைவிரலால் இழுத்து இழுத்துப் பார்த்துச் சொன்னாள்.

படகு வந்த மறுநாள் காலை மாமியார் வந்தார். குழந்தையின் துணிமணிக்கென்று ஒரு கட்டைப் பையும் கொண்டு வந்திருந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றான். "ஒரு தபா பாத்துட்டுப் போங்கம்மா" என்று நான் கெஞ்சி அவரைத் தூளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மருமகளைத் தண்ணி பிடிக்கச் சந்து முனைக்கு அனுப்பினேன்.

குழந்தை தூங்கியது. மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே லாரிகள் வழக்கம்போல. தூளி சட்டென்று ஒருமுறை வெட்டி இழுத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு அவள் ஓடி வந்தாள், முட்டி வரை ஈரத்தோடு.

"இன்னாத்துக்கு இப்புடி ஓடியாற? புள்ள அழுவவே இல்லியே" என்றார் மாமியார்.

சொல்லி வாய் மூடவில்லை, தூளிக்குள்ளிருந்து வீல் என்று சத்தம் வந்தது. அது வந்தபோது குழந்தையை அம்மா பாதி தூக்கிவிட்டிருந்தாள். தோளில் சாய்த்ததும் அடங்கிவிட்டது.

அந்த அம்மாள் மருமகளின் கையை இழுத்து அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தார். "நாலு பெத்தேன். அழுவுறதுக்கு முந்தி ஒருதபா கூட நான் எழுந்ததில்ல" என்று என்னிடம் சொன்னார். மருமகளுக்குப் புரியட்டும் என்று, குழந்தையைத் தொட்டு, அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கட்டைப் பையை வெறுமையாகவே மடித்து இடுக்கிக்கொண்டு காத்திவாக்கம் பஸ் ஏறினார்.

குழந்தை இப்போது தத்தித் தத்தி எங்கள் வீட்டுக்கே வந்து என் சாமான்களைக் கலைக்கிறது. யாராவது வந்து "எங்களுக்கு ஒண்ணு செஞ்சி குடு" என்று கேட்டால், அவர்கள் வீட்டில் ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்து, அங்கே என் காதிலும் கண்ணிலும் படாதது என்ன என்று தேடிவிட்டுத்தான் இப்போதெல்லாம் சால்டரிங் அயர்னைத் தொடுகிறேன்.